வெயில், மழை, குளிர்: வருஷம் முழுக்க வீட்டுத் தோட்டத்த எப்படி பாத்துக்கிறது

செடி வளக்க ஆரம்பிக்கிற முக்காவாசிப் பேர் முதல் வாரத்துலயே ஒரு கணக்கு வச்சுக்குவாங்க, தினமும் காலைல தொட்டிக்கு ஒரு மக் தண்ணி, மாசத்துக்கு ஒரு தடவ உரம். ரெண்டு மூணு மாசம் எல்லாம் நல்லாத்தான் போகும். அப்புறம் சீசன் மாறும், வெயில் குறையும், காத்துல ஈரம் ஏறும், அந்த ஒரு மக் தண்ணி மட்டும் மாறாது, செடி மஞ்சளாகி ஒவ்வொரு இலையா உதிர ஆரம்பிக்கும். உடனே தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னொரு மக் ஊத்துவோம். என் முதல் வருஷத்துல நாலு மிளகாச் செடி இப்படித்தான் போச்சு, பிடுங்கிப் பாத்தா வேர் எல்லாம் பழுப்பாகி கொழகொழன்னு இருந்துச்சு. அன்னைலேருந்து மக்கக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி மண்ணத் தொட்டுப் பாக்கிறது பழக்கமாயிடுச்சு, புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றதும் இதத்தான்.

மாசப் பேர் போட்டு அட்டவணை நான் எழுதல. ஒரு ஊர்ல மழை கொட்டுற மாசத்துல இன்னொரு ஊர்ல வெயில் கொளுத்தும், பூமியோட வடக்குப் பாதில கோடைன்னா தெற்குப் பாதில குளிர்காலம். அதனால சூடு ஏற ஆரம்பிக்கிற நேரம், கடும் வெயில், மழை, குளிர்னு நாலா பிரிச்சு வச்சுக்கோங்க, உங்க இடத்துல இப்ப எது நடக்குதோ அங்கேருந்து ஆரம்பிச்சா போதும்.

முதல்ல வெயில கவனிங்க

தொட்டி, விதை எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு லீவு நாள்ல காலை 8 மணிலேருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும், செடி வைக்கப் போற இடத்த மணிக்கு ஒரு தடவ போன்ல போட்டோ எடுங்க. எத்தன போட்டோல நேரடி வெயில் விழுதுன்னு எண்ணிப் பாருங்க. 6 மணி நேரத்துக்கு மேல இருந்தா தக்காளி, கத்தரி, மிளகா, வெண்டை, ரோஜா, மல்லின்னு எத வேணா வைக்கலாம். 3 இல்ல 4 மணி நேரம்தான் வருதுன்னா கீரை, புதினா, கொத்தமல்லி. அதுவும் இல்லன்னா காய்க்கு ஆசப்படாதீங்க, மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸ்நேக் பிளான்ட் மாதிரி இலை அழகுக்கு வளக்கிறதுக்குப் போயிடுங்க, அதுலயும் சந்தோஷம் இருக்கு.

இந்தப் போட்டோவ வருஷத்துல ஒரு தடவ எடுத்தா பத்தாது, இதத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஜூன் 21 வாக்குல சூரியன் வடக்கே கடைசி வரைக்கும் போயிருக்கும், டிசம்பர் 21 வாக்குல தெற்கே கடைசில இருக்கும். பூமத்திய ரேகைக்கு நல்லா வடக்கே தள்ளி இருக்கிற ஒரு வீட்டுல தெற்கு பாத்த பால்கனி இருக்குன்னு வச்சுக்கோங்க, குளிர்காலத்துல வெயில் சாஞ்சு உள்ள வரைக்கும் விழும், கோடைல சூரியன் உச்சிக்குப் போயிடுறதால மேல் மாடித் தளமே நிழல் கட்டிடும். டிசம்பர்ல அமோகமா காய்ச்ச தக்காளி ஜூன்ல வெறும் கொடியா நீண்டுக்கிட்டே போகுதுன்னா உரத்த சந்தேகப்படாதீங்க, முதல்ல வெயில் எங்க போச்சுன்னு பாருங்க. தொட்டிய ரெண்டடி தள்ளி வச்சாலே பாதிப் பிரச்சினை தீந்துடும்.

தொட்டி, மண்

இத சீக்கிரமா சொல்லிடுறேன். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 இன்ச் ஆழ அகலம் வேணும், கீரைக்கு 6 இன்ச் ஆழம் போதும் ஆனா அகலமா இருக்கணும். அடில ஓட்டை கண்டிப்பா இருக்கணும், ஒண்ணு இருந்தா மூணாக்குங்க. மண் கலவைக்கு தோட்ட மண் ஒரு பங்கு, நல்லா மக்கின கம்போஸ்ட் இல்ல மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட், அதாவது தேங்கா நார்த் தூள் ஒரு பங்கு. கோகோபீட்ட ரெண்டு தண்ணில அலசிப் பிழிஞ்சுட்டுப் போடுங்க, அதுல உப்பு நிக்கும். கலந்த மண்ண ஈரமாக்கி ஒரு பிடி பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், அதான் பதம். களிமண் மாதிரி ஒட்டிக்கிச்சுன்னா கொஞ்சம் ஆத்து மணல் இல்ல பெர்லைட் (நர்சரில கிடைக்கிற லேசான வெள்ளைக் கல் துகள்) சேத்துக்கோங்க.

மண் தொட்டில ஈரம் பக்கவாட்டுலயும் ஆவியாகும், அதனால சீக்கிரம் காயும், மழைக்கும் குளிருக்கும் நல்லது. பிளாஸ்டிக்ல ஈரம் நிக்கும், வெயிலுக்கு உதவும், ஆனா கருப்பு கலர் பிளாஸ்டிக்க உச்சி வெயில்ல வச்சா வேரே வெந்துடும்.

தண்ணி ஊத்துற பழக்கம்

ஆள்காட்டி விரல மண்ணுக்குள்ள ரெண்டு இன்ச் விடுங்க. அங்க ஈரம் ஒட்டுதுன்னா இன்னைக்கு தண்ணி வேணாம், நாளைக்கு பாக்கலாம். காஞ்சிருந்தா தொட்டி அடில தண்ணி ஒழுகுற வரைக்கும் முழுசா ஊத்துங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறதுதான் பெரிய தப்பு, ஏன்னா மேல ஒரு இன்ச் மட்டும் நனையும், வேரும் மேலயே சுத்திக்கிட்டு இருக்கும், ஒரே ஒரு நாள் வெயில் அடிச்சா செடி தாங்காது. முழுசா ஊத்தி, காய விட்டு, திரும்ப முழுசா ஊத்தினா வேர் ஈரத்தத் தேடி கீழ இறங்கும். சின்ன தொட்டின்னா தூக்கிப் பாத்தே சொல்லிடலாம், நனைஞ்ச தொட்டிக்கும் காஞ்ச தொட்டிக்கும் எடை அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

தண்ணி அதிகமானா செடி ஏன் சாகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபம். வேருக்கும் ஆக்சிஜன் வேணும், மண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன இடைவெளில காத்து இருந்தாத்தான் அது கிடைக்கும், எப்பவும் தண்ணியே நிரம்பிக் கிடந்தா வேர் மூச்சு முட்டி அழுகிடும். அழுகின வேரால தண்ணி உறிய முடியாது, அதனால செடி தண்ணி இல்லாத மாதிரியே வாடி நிக்கும். மண் ஈரமா இருந்தும் செடி வாடுதுன்னா அது வேர் அழுகல், அப்ப தண்ணி ஊத்துறது இன்னும் மோசமாக்கும். நிழலுக்கு மாத்தி, மண்ண மேலாக்க கிளறி விட்டு காய விடுங்க. அடில தட்டு வச்சிருந்தா அதுல நிக்கிற தண்ணியக் கொட்டிடுங்க.

இன்னொரு வாட்டம் இருக்கு, அதுக்கு பதறவே கூடாது. பூசணி, சுரை மாதிரி பெரிய இலைச் செடிங்க மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொங்கிப் போய் நிக்கும், சாயங்காலம் தானா நிமிந்துடும். வேர் அனுப்புற வேகத்த விட இலைல ஆவியாகுற வேகம் அதிகமா இருக்கிறதுதான் காரணம். காலைல சூரியன் வர்றப்பவே வாடி இருந்தாத்தான் நிஜமாவே தண்ணி பத்தல.

சூடு ஏற ஆரம்பிக்கிறப்ப

வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் இது, விதைக்கு ஏத்த நேரமும் கூட. குளிர் விலகி ராத்திரி 15 டிகிரிக்கு மேல நிலையா இருக்க ஆரம்பிச்சா தக்காளி, மிளகா, கத்தரி நாத்து விடலாம். குழித்தட்டுல ஒரு குழிக்கு ரெண்டு விதை, விதையோட தடிமன் மாதிரி ரெண்டு மடங்கு ஆழம், அதுக்கு மேல புதைக்காதீங்க. தக்காளி ஒரு வாரத்துல முளைச்சிடும், மிளகா ரெண்டு வாரம் கூட எடுத்துக்கும், பொறுமையா இருங்க. முளைச்ச அன்னைக்கே நல்ல வெளிச்சத்துக்கு மாத்தணும், இல்லன்னா நூலு மாதிரி நீண்டு சாஞ்சிடும். முளைச்ச நாத்து தண்டோட அடி கருத்து, சுருங்கி, பொத்துன்னு விழுந்தா அது நாற்றழுகல், ஒரு பூஞ்சைப் பிரச்சினை. ஈரம் அதிகம், காத்தோட்டம் கம்மி, இதான் காரணம். அந்தத் தட்டுல மிச்சம் இருக்கிற நாத்துக்கு தண்ணியக் குறைச்சு காத்தோட்டமா வைங்க.

முளைக்கிறப்ப முதல்ல வர்ற ரெண்டு விதை இலைய கணக்குல எடுக்காம, அதுக்கப்புறம் நிஜ இலை நாலு வந்ததும் பெரிய தொட்டிக்கு மாத்தலாம், ஆனா நிழல்ல வளந்தத நேரா வெயில்ல வச்சா இலை வெளுத்துக் கருகிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், அடுத்த நாள் ரெண்டு மணி நேரம், இப்படி ஒரு வாரம் பழக்கிட்டு அப்புறம் வைங்க. தக்காளிய மட்டும் தண்டுல பாதி வரைக்கும் ஆழமாப் புதைக்கலாம், புதைஞ்ச தண்டுலேருந்தே வேர் விடும், மத்த செடிக்கு இத செய்யாதீங்க.

வெண்டை, அவரை, பூசணி வகைங்கள நேரா தொட்டிலயே விதைங்க. வெண்டை விதைய ராத்திரி ஊற வச்சா முளைப்பு சீராகும். வேர் நிரம்பி தொட்டி ஓட்டை வழியா எட்டிப் பாக்கிற பழைய செடிங்கள பெரிய தொட்டிக்கு மாத்துறதுக்கும் இதான் நேரம், இப்ப இருக்கிறத விட ரெண்டு இன்ச் பெரிய தொட்டி போதும், ரொம்பப் பெருசாப் போனா வேர் எட்டாத மண்ணுல ஈரம் தேங்கும். உரமும் இப்பத்தான் செடி நல்லா வாங்கும், மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மேல் மண்ணோட கிளறி விடுங்க. செடி பச்சப்பசேல்னு புதரா இருக்கு, பூவே வரலன்னா தழைச்சத்து, அதாவது இலைய வளக்கிற நைட்ரஜன் கூடிப்போச்சுன்னு அர்த்தம், கொஞ்ச நாள் உரத்த நிறுத்துங்க.

கடும் வெயில்

இந்தக் காலத்துல செடி வளரணும்னு எதிர்பாக்காதீங்க, உயிரோட தாண்டினா போதும். பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் 24 டிகிரிக்கு மேலயே நின்னா தக்காளிப் பூவுல மகரந்தம் கெட்டுப் போயிடும், பூ வரும், காய் பிடிக்காம உதிரும். இதப் பாத்துட்டு டானிக், உரம்னு ஊத்தாதீங்க, சூடு குறைஞ்சா தானா காய்க்கும். வெயில்ல தவிக்கிற செடிக்கு, அதுவும் காஞ்ச மண்ணுல, உரம் போட்டா வேர்தான் கருகும்.

செய்ய வேண்டியது மூணு வேலை. ஒண்ணு மூடாக்கு, காஞ்ச இலை, வைக்கோல், தேங்கா நார் எது கிடைக்குதோ அத மண்ணு மேல ரெண்டு இன்ச் பரப்புங்க, தண்டத் தொடாம ஒரு விரல் இடம் விட்டு. இது ஒண்ண மட்டும் செஞ்சாலே தண்ணி தேவை நல்லாக் குறையறத ஒரே வாரத்துல விரல விட்டுப் பாத்து தெரிஞ்சுக்குவீங்க. ரெண்டாவது நிழல்வலை, காய்கறிக்கு 50 சதவீத நிழல் தர்ற வலை போதும், அதுக்கு மேல அடர்த்தியா போட்டா காய்ப்பு குறையும். மூணாவது தொட்டிங்கள ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வைக்கிறது, ஒண்ணுக்கொண்ணு நிழலாகும், தரைச் சூட்டுலேருந்து தப்பிக்க அடில மரப்பலகை இல்ல செங்கல் குடுங்க.

தண்ணி விடியக்காலைல ஊத்துங்க. பைப்புல முதல்ல வர்ற கொதிக்கிற தண்ணிய வழிய விட்டுட்டு அப்புறம் செடிக்குப் பிடிங்க. ஒரு விஷயம் கவனிச்சீங்களா, ரொம்பக் காஞ்ச தொட்டில தண்ணி ஊத்தினா உடனே அடில ஒழுகிடும், ஆனா மண்ணு நனைஞ்சிருக்காது. காஞ்ச மண்ணு சுருங்கி தொட்டி ஓரத்துல இடைவெளி விட்டுடும், தண்ணி அது வழியா ஓடிடும், காஞ்ச கோகோபீட் வேற தண்ணிய லேசுல உறியாது. அப்படி ஆனா தொட்டியோட தண்ணி இருக்கிற ஒரு டப்புல அரை மணி நேரம் உக்கார வைங்க, அடிலேருந்து உறிஞ்சி மேல் மண்ணு நனையும், அப்புறம் எடுத்து வடிய விடுங்க.

சிலந்திப்பேன் வர்றதும் இந்த வறட்சிலதான். இலைல ஊசி குத்தின மாதிரி வெளுத்த புள்ளி, அடிப்பக்கம் மெல்லிசா வலை. இலை அடில தண்ணிய வேகமா பீச்சி அடிச்சா பாதி போயிடும்.

காலியா கிடக்கிற தொட்டி மண்ணுக்கு இந்த வெயில் ஒரு வரம். மண்ண நனைச்சு, கண்ணாடி மாதிரி தெரியிற பாலிதீன் ஷீட்ல இறுக்க மூடி 4 இல்ல 6 வாரம் முழு வெயில்ல வச்சிட்டா உள்ள சூடு ஏறி பூஞ்சை, களை விதை, நூற்புழு நிறைய செத்துடும். கருப்பு ஷீட் வேணாம், சூடு ஷீட்லயே தங்கிடும்.

மழை

முதல் மழைக்கு முன்னாடியே ஒரு கம்பிய எடுத்து எல்லாத் தொட்டி ஓட்டையையும் குத்தி அடைப்பு எடுத்துடுங்க, அடில இருக்கிற தட்டெல்லாம் எடுத்து வச்சுடுங்க, செங்கல் மேல தொட்டிய உயத்துங்க. மூடாக்கயும் விலக்கிடலாம், இல்லன்னா நத்தைக்கு அதுவே வீடு. நத்தைய ராத்திரி டார்ச் அடிச்சு கையாலப் பொறுக்கிறதத் தவிர சுலபமான வழி எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல. சக்குலன்ட், கத்தாழை, கள்ளிச் செடிய மட்டும் கண்டிப்பா மழை படாத இடத்துக்கு மாத்துங்க.

தொடர் மழைல தழைச்சத்து தண்ணியோட கரைஞ்சு ஓடிடும், அடி இலை மஞ்சளாகும். மழை ஓஞ்சதும் ஒரு கைப்பிடி உரம் குடுத்தா தெளிஞ்சிடும். ஒரு வாரம் மழை பெய்யப் போகுதுன்னு தெரிஞ்சு முதல் நாள் உரம் போடுறது வீண். மழை பேஞ்சிருக்குன்னு தண்ணி ஊத்தாம விடுறதுலயும் ஒரு ஏமாத்தம் இருக்கு, புதரா வளந்த செடி இலைங்க குடை மாதிரி மழைய வெளில தள்ளிடும், தொட்டி காஞ்சே இருக்கும், விரல விட்டுப் பாருங்க.

குச்சி நட்டு புதுச்செடி ஆக்குறதுக்கு காத்துல ஈரம் இருக்கிற இந்த நேரம் ரொம்ப நல்லது. செம்பருத்தி, மல்லி, ரோஜா, குரோட்டன்ஸ், பென்சில் தடிமன்ல ஆறு இன்ச் குச்சி, கீழ் இலையெல்லாம் எடுத்துட்டு, கணுக்குக் கீழ வெட்டி ஈர மணல்ல சொருகி நிழல்ல வைங்க. வேர் வந்துச்சான்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாக்காதீங்க, லேசா இழுத்தா பிடிச்சு நின்னா வேர் விட்டாச்சு.

கொடி வகைங்க பூத்தும் காய்க்கலன்னு கவலப்படுறவங்களும் இப்பத்தான் அதிகம், மழைல தேனீ வராது. பூவுக்குப் பின்னாடி குட்டிக் காய் மாதிரி இருந்தா பெண் பூ, வெறும் காம்பு இருந்தா ஆண் பூ. முதல் ரெண்டு வாரம் வெறும் ஆண் பூவா வர்றது சகஜம். ஆண் பூவப் பறிச்சு இதழ உரிச்சுட்டு பெண் பூவோட நடுவுல மெதுவாத் தடவி விடுங்க. பூசணி, பாகல் காலைல பூக்கும், சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் பூக்கும், நேரம் தவறினா பலன் இல்ல.

குளிர்

கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பட்டாணி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கொத்தமல்லி எல்லாத்துக்கும் இதான் காலம். முள்ளங்கி ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல கைக்கு வந்துடும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுல கிடைக்கிற தைரியமே தனி. கேரட்ட நாத்து விட்டு மாத்தாதீங்க, வேர் வளைஞ்சு கோணலாயிடும், நேரா விதைச்சு, முளைச்சதும் ரெண்டு இன்ச்சுக்கு ஒண்ணுன்னு மனசக் கல்லாக்கிட்டு மத்தத எடுத்துடுங்க. கொத்தமல்லி விதை ஒவ்வொண்ணும் ரெண்டு விதை சேந்தது, லேசா தேய்ச்சு உடைச்சுப் போட்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா விதைச்சா தொடர்ந்து கிடைக்கும். வெயில்ல விதைச்சா இலை வர்றதுக்குள்ள பூத்துடும், அதுக்கு உங்க கைராசிய குத்தம் சொல்லாதீங்க.

தண்ணிய பாதிக்கும் கீழ குறைங்க. வீட்டுக்குள்ள வைக்கிற இலைச் செடிங்க இப்ப தூங்குற மாதிரிதான், உரம் வேணாம், இலைல படிஞ்ச தூசிய ஈரத் துணியால துடைச்சா கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமாவது முழுசா போய் சேரும். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போற இடங்கள்ல துளசி, மிளகா தாங்காது, உள்ள எடுத்துடுங்க. உறைபனி விழுற ஊர்னா வெளில இருக்கிற செடிய ராத்திரி துணியால மூடி காலைல திறந்து விடணும்.

ரோஜா கவாத்து பத்தி நிறைய குழப்பம் இருக்கு. உறைபனி இல்லாத இடத்துல மழை முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கிறப்ப வெட்டலாம், உறைபனி உள்ள இடத்துல அது விலகுறப்பதான் வெட்டணும், முன்னாடியே வெட்டினா வர்ற புதுத் துளிர பனி எரிச்சுடும். காஞ்சது, குறுக்க வளந்தது, மெலிஞ்சது எல்லாத்தையும் எடுத்துட்டு மிச்சத்துல மூணுல ஒரு பங்கு வெட்டுங்க, வெளிப்பக்கம் பாத்த மொட்டுக்கு கால் இன்ச் மேல, சரிவா. கத்திரியக் கண்டிப்பா ஸ்பிரிட்ல துடைங்க. மல்லியும் குளிர்ல கவாத்து பண்ணினாத்தான் வெயில்ல பூக்கும், புதுக் கிளைலதான் அது மொட்டு வைக்கும்.

பூச்சி

எந்த சீசனா இருந்தாலும் வாரத்துக்கு ரெண்டு நாள் இலையத் திருப்பிப் பாருங்க, ஆரம்பத்துலயே பிடிச்சா கையாலயே நசுக்கிடலாம். அசுவினி (கூட்டமா ஒட்டிக்கிட்டு செடிச் சாறு உறியிற சின்னப் பூச்சி), மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாத்துக்கும் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு மில்லி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதல்ல கலந்துட்டு அப்புறம் தண்ணில ஊத்துங்க, இல்லன்னா எண்ணெய் மிதக்கும். வெயில் இறங்கினப்புறம் இலை அடில படுற மாதிரி அடிச்சு, ஒரு வாரம் கழிச்சு திரும்ப அடிங்க. செடில எறும்பு வரிசையா ஏறுதுன்னா மேல அசுவினி இருக்குன்னு அர்த்தம், அது விடுற இனிப்பு நீருக்காக எறும்பே அதக் காவல் காக்கும். கருப்பா, ஆரஞ்சு புள்ளியோட முதலை மாதிரி ஒரு புழு அசுவினி கூட்டத்துல திரியுதுன்னா அதக் கொன்னுடாதீங்க, அது பொறிவண்டோட குஞ்சு, உங்க வேலைய அது செய்யுது.

விதைய எடுத்து வைக்கிறது

நல்லா காய்ச்ச ஒரு செடில முதல்ல வர்ற நல்ல காய் ரெண்ட முத்த விடுங்க. விதைய நிழல்ல காய வச்சு, பேப்பர் கவர்ல போட்டு, பேரும் தேதியும் எழுதி, காத்துப் புகாத டப்பால வைங்க. தக்காளி விதை நாலு வருஷம் வரைக்கும் முளைக்கும், வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினாலே சந்தேகம்தான். ஹைப்ரிட் விதைலேருந்து எடுத்தா அதே மாதிரி காய் வராது, நாட்டு ரகமா பாத்து எடுங்க. அடுத்த தடவ சூடு ஏற ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, டப்பாலேருந்து 10 விதைய எடுத்து ஈர டிஷ்யூல மடிச்சு ஒரு கவர்ல வைங்க. 7க்கு மேல முளைச்சா வழக்கம்போல விதைக்கலாம், நாலஞ்சுதான் வந்துச்சுன்னா குழிக்கு நாலு விதையா போடுங்க, ஒண்ணு ரெண்டுதான்னா புது விதை வாங்கிடுங்க.